சிந்தாமச் சாப்பிடு

உயிருள்ள பவளமும் ஒரு மீனும் வளரும் கண்ணாடித் தொட்டியை ஒட்டிய குழாயில் ஒரு சின்ன உருண்டை ஓயாமல் சுழன்றுகொண்டிருந்தது. மக்கும் பிளாஸ்டிக்கில் செய்தது. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குத் தன் உடம்பையே கரைத்து ஊட்டி, தண்ணீரைச் சுத்தமாக வைப்பது அதன் வேலை.

“சிந்தாமச் சாப்பிடு” என்று தொட்டியிலிருந்த மீனைத் தினமும் அதட்டும். மீனும் பயந்துபோய், ஒரு துணுக்குகூட விழாமல் தின்னப் பழகியது.

தண்ணீர் பளிங்கு மாதிரி ஆனது. பவளம் மட்டும் நாளுக்கு நாள் வெளுத்தது.

“என்னம்மா இப்படி ஆயிட்ட? இன்னும் சுத்தம் பண்ணட்டுமா?” என்று உருண்டை பதறியது.

“வேண்டாம்க்கா. அவன் சிந்துறதுதான் எனக்குச் சாப்பாடே.”

உருண்டை சுழலாமல் நிற்கப் பார்த்தது. தண்ணீரின் வேகம் விடவில்லை.

அடுத்த வேளை தீனி விழுந்ததும் மீனை மெல்லக் கூப்பிட்டது.

“தம்பி, கொஞ்சம் சிந்திச் சாப்பிடேன்.”