எடை போதும்

தங்கமோ தகரமோ தயிரோ, அடியில் எல்லாம் ஒரே சரக்குதான் என்று தெரிந்த பிறகு வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி வந்துவிட்டது. குப்பையைப் போட்டால் கேட்டதைக் கொடுக்கும். பழைய செருப்பைப் போட்டு எடுத்த இட்லியைத் தின்றுவிட்டு, "கொஞ்சம் கடிக்குது" என்று வைரவன் மனைவியைச் சீண்டுவான்.

அன்று மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வைரவனும் மகள் உமையாளும் கண்ணாமூச்சி ஆடினார்கள். கட்டிலடி, பீரோ, பால்கனி, எங்குமே அவளைக் காணோம். காலையில் காலியாக இருந்த பெட்டி இப்போது பாதி நிறைந்திருந்தது.

"உமா! அப்பா தோத்துட்டேன், வாம்மா!"

பெட்டியிடம் ஓடினான். அதன் மூடி அவளுக்கும் எட்டும்.

"உள்ள என்ன விழுந்துச்சு?"

"சரக்கு" என்றது பெட்டி. "என்ன வேண்டும்?"

"என் பொண்ணு! அப்படியே திருப்பிக் குடு!"

"உமையாளா? தெரியும். எடை போதும். செய்யலாமா?"

"செய்யி!"

பெட்டி உறுமியது. அதே நேரம் வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்து உமையாள் சிரித்துக்கொண்டே வந்தாள். அவளை அள்ளிக்கொண்டான்.

"பெட்டியில என்னடி போட்டே?"

"ஸ்கூல் பை. நாளைக்குக் கணக்குப் பரீட்சைல்ல?"

அந்தப் பை அவளைவிடக் கனம் என்று அவனே எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறான்.

பெட்டியின் மணி அடித்தது. உள்ளேயிருந்து யாரோ மெல்லத் தட்டினார்கள்.

"அப்பா, இருட்டா இருக்குப்பா."

"திறக்காதீங்கப்பா" என்று உமையாள் அவன் கழுத்தை இறுக்கினாள்.

உள்ளே அழுகை கேட்டது. வைரவனின் கை, அவனைக் கேட்காமலே, மூடியைத் தொட்டது.