மகராசியின் குட்டிகள்

பதினோரு வருடமாகக் கூண்டில் தனியாகக் கிடந்த மலைப்பாம்பு மகராசி முட்டையிட்டு, ஆறு குட்டிகளும் பொரித்துவிட்டது. பூங்கா அதிகாரி முதலில் கூப்பிட்டது, அதைப் பார்த்துக்கொள்ளும் வேதவல்லியைத்தான்.

"ஆண் பாம்பை யாரும்மா உள்ள விட்டது? உண்மையைச் சொல்லிடு. வேலை போயிடும்."

அவள் இடுப்பில் செருகியிருந்த கூண்டுச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "அது குட்டியா வந்த நாள்லேருந்து இது என் இடுப்பைவிட்டு இறங்கல சார்."

குட்டிகள் உரித்த முதல் சட்டையைப் பூங்கா மருத்துவர் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் வேதவல்லி யாரைப் பார்த்தும் தலை குனியவில்லை.

"அபூர்வமா சில பாம்பு ஆணே இல்லாம பெத்துக்கும் சார். இது அப்படித்தான்" என்றார் மருத்துவர்.

அதிகாரி பதிவேட்டைத் திறந்தார். தாய் என்ற கட்டத்தில் மகராசி என்று எழுதினார். தந்தை என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதத் தொடங்கினார்.

வேதவல்லி மூன்று வாரமாக மேசைமேலேயே கிடந்த சாவியை எடுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தெரியலன்னு எழுதாதீங்க சார். இல்லன்னு எழுதுங்க. ரெண்டும் ஒண்ணில்ல."