எட்டாவது சொட்டு

“துடைக்காதீங்க!”

“புது டைல்ஸ்டி, கறை புடிச்சிடும்—”

“புடிச்சா புடிக்கட்டும்னுதானே கத்துறேன்!”

கணவர் கையிலிருந்த துணியை அவள் பிடித்து இழுத்தாள். வண்டி ஷெட்டின் எண்ணெய்க் கறைச் சிமென்ட்டை மூடி வெள்ளை டைல்ஸ் பதித்து, நாலு எல்இடி விளக்கும் மாட்டி எட்டு நாள் ஆகிறது. பைக்கிலிருந்து எண்ணெய் சொட்டியதற்கு “தரையையே நாசம் பண்றியேடா” என்று அப்பா திட்ட, கோபத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு போன மகன் லாரியில் மோதி இறந்து ஒரு வருஷம். அந்த பைக்கும் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

முதல் நாள் காலை, அவன் வண்டி நிறுத்தும் உள்சுவரோரம் ஈரமாக ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தது. அவர் துடைத்தார். மறுநாள் ஒரு டைல் தள்ளி, வாசல் பக்கமாகக் கிடந்தது. அதையும் துடைத்தார். தினமும் இப்படியே ஒவ்வொரு டைலாகத் தள்ளி வந்தது. இன்று எட்டாவது சொட்டு, ஷட்டரை ஒட்டிய கடைசி டைலில்.

“துடைச்சுத் துடைச்சே புள்ளைய வாசல் வரைக்கும் தள்ளிட்டீங்களே. நாளைக்கு எங்கங்க நிப்பான்?”

அவர் துணியைப் போட்டுவிட்டு ஷட்டரை உள்ளிருந்தே இழுத்துப் பூட்டினார். அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வெளிச்சத்தில் பளபளத்த வெறும் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“வண்டியத் திருப்பி உள்ள விடுடா தம்பி. தரை போனா போகுது.”