பதில் போடுகிற ஆள்

"அவன் உள்ளே வரட்டும். எல்லாத்தையும் பார்க்கட்டும். ஆனா அவன் இஷ்டத்துக்கு எதையும் வெளியே விடக் கூடாது. கையைக் கட்டிப் போடணும்மா."

விடுதி முதலாளி குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவள் திருதிருவென்று விழித்தாள். கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இணையதளம் அமைத்து, அவரவர் தேவைக்கேற்ப அதை மாற்றிக் கொடுப்பது அவள் தொழில். எழுத்தைப் பெரிசாக்கு, படத்தை ஓரமாகத் தள்ளு என்பார்கள். ஆளைக் கட்டிப் போடச் சொன்னவர் இவர்தான்.

"யார் சார் அது?"

"தங்கிட்டுப் போறவங்க நம்ம வெப்சைட்டுல ஏதாவது குறை எழுதினா, பதில் போடுற ஆள். போன வாரம் ஒரு அம்மா குழாய் ஒழுகுதுன்னு எழுதினாங்க. அவன் என்ன போட்டான் தெரியுமா?" முதலாளி எதையும் பார்க்காமல், மூச்சுவிடாமல் ஒப்பித்தார். "'குழாய் ஒழுகினது உண்மை. அதைவிட உங்க வாய் ஓயலைன்னு பக்கத்து ரூம்ல புகார்.'"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"ஊரே படிச்சுச் சிரிச்சிடுச்சும்மா. பாதி ரூம் காலி. துணி துவைக்கிற அம்மாவை இனி வர வேண்டாம்னு நேத்து சொல்லிட்டோம். இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா இழுத்து மூட வேண்டியதுதான்." அவர் கண்கள் கலங்கின. பாவமாக இருந்தது.

"வேலையை விட்டு அனுப்பிடலாமே சார்?"

"எப்படி அனுப்புறது? குடும்பத்து ஆள்."

அவள் பார்வை தானாகக் கண்ணாடிக் கதவுக்குப் போனது. வெளியே வரவேற்பு மேஜையருகே முதலாளியின் மாப்பிள்ளை நின்றிருந்தார். அவள் வந்தபோது, "மாமா உங்களை எதுக்கு வரச் சொன்னார்?" என்று சிடுசிடுத்தவர். இப்போதும் உள்ளே நடப்பதையே முறைத்துக்கொண்டிருந்தார். இவரேதான், சந்தேகமே இல்லை.

முதலாளியின் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தவர் முகம் சிவந்தது.

"தலையணை கல்லு மாதிரி இருக்காம், எவனோ எழுதியிருக்கான். அவன் இதுக்குப் பதில் போட்டான்னா தொலைஞ்சோம். சீக்கிரம்மா!" போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் அழுத்திக்கொண்டார்.

வெளியே மாப்பிள்ளையும் பையிலிருந்து போனை எடுத்தார். அவர் கட்டைவிரல் மேலும் கீழும் ஓடியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மடிக்கணினியில் தட்டினாள்.

"ஆச்சு சார். இனிமே அந்த ஆள் எழுதுறது நேரா வெளியே போகாது. இன்னொருத்தர் படிச்சுப் பார்த்து, சரின்னு சொன்னாத்தான் போகும்."

"கெஞ்சுவான். கத்துவான். எப்படியாவது மாத்திடுவானே?"

"பாஸ்வேர்டு இல்லாம தலைகீழா நின்னாலும் முடியாது. சரி சொல்லப் போறது நீங்கதானே சார்?"

அவர் வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது. மாப்பிள்ளை விறுவிறுவென்று வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில், யாரைத் தடுத்து வைப்பது என்று கேட்கும் கட்டம் இன்னும் காலியாக இருந்தது. மடிக்கணினியை மூடப் போனாள்.

"மூடாதேம்மா. அவரும் பார்க்கட்டும்" என்றார் முதலாளி.

இன்றைக்கு இங்கே கைகலப்புதான் என்று நினைத்துக்கொண்டாள். பின்னால் நிற்பவரின் மூச்சு அவளுக்குக் கேட்டது.

"சார்... யார் பேரைப் போடறது?"

முதலாளி மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"என் பேரைப் போட்டுட்டு, பாஸ்வேர்டை மாப்பிள்ளைகிட்ட கொடுத்துடும்மா."