அம்மா எழுதுகிற நேரம்

"உஸ்... மெதுவா பேசு. அம்மா எழுதிட்டிருக்கா."

கதவைத் திறந்ததும் அப்பா இதைத்தான் சொல்வார் என்று மகளுக்குத் தெரியும். வேலை கிடைத்துத் தனியாக அறை எடுத்துத் தங்கிய பிறகும், மாலையில் இந்த வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல்தான் கழற்றுவாள். சின்ன வயதுப் பழக்கம்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தெருவில் மற்ற கடைகளெல்லாம் விளக்கைப் போட்டு வியாபாரம் சூடுபிடிக்கும் வேளையில், அவர் மட்டும் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தால் காதில் வாங்க மாட்டார். வங்கி வேலை முடிந்து மனைவி வந்ததும் அவள் கையில் ஒரு டீயைக் கொடுத்து, சமையலறைக்கு அடுத்த சின்ன அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்துவார். அதன் பிறகு ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் ஈ, காக்காய் அண்ட முடியாது. போன், அழைப்புமணி, சிலிண்டர்காரர், கதை பேச வரும் பக்கத்து வீட்டு அம்மாள் எல்லாமே அவர் பாடு.

இருவருமே கவிதை எழுதியவர்கள்தான். கல்லூரிப் போட்டிகளில் முதல் பரிசுக்கு முட்டிமோதிப் பழகி, அது கல்யாணத்தில் போய் முடிந்தது. மகள் பிறந்ததும் எழுத்து என்ற பேச்சே வீட்டில் இல்லாமல் போயிற்று. பால்புட்டி, காய்ச்சல், மலைபோல் துவைக்காத துணி. ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் இன்னொருவருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் தேறும். இருவருக்கும் தேறாது.

"நீ எழுது. உன் கவிதைக்குப் பக்கத்துல என்னோடது நிக்காது" என்று சொல்லிவிட்டார் அவர்.

அது முழு உண்மை இல்லை. தன்னுடையதும் ஒன்றும் சோடை போனதில்லை என்று அவருக்குத் தெரியும். சில நாள் லென்ஸைத் தேய்க்கும்போது எங்கிருந்தோ ஒரு வரி வந்து நிற்கும். எழுதிவிட்டால் அடுத்த வரிக்கு மனசு அடித்துக்கொள்ளும் என்று கையைக் கட்டிக்கொண்டு அதைப் போக விடுவார். கொஞ்ச காலத்தில் வரிகளும் வருவதை நிறுத்திக்கொண்டன.

அந்த அறைக்குள் மனைவி எழுதியதை அவர் வாங்கிப் படித்ததில்லை. ஆரம்பத்தில் ஒரு முறை கேட்டதற்கு, "இன்னும் சரியா வரலீங்க" என்றாள். வரும்போது வரட்டும், அவசரப்படுத்தக் கூடாது என்று அதோடு விட்டுவிட்டார்.

இன்று மகள் சும்மா வரவில்லை. சமையலறையில் அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். அவள் அச்சகமொன்றில் பக்கம் வடிவமைப்பவள். முதலாளியிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டாளாம். அம்மாவின் அடுத்த பிறந்தநாளுக்குள் கவிதைகளைப் புத்தகமாகக் கொண்டுவந்துவிடலாமாம்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கண் கலங்கியதற்கு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டார்.

"ஒண்ணு சொல்லட்டுமாப்பா? சின்ன வயசுல அந்தக் கதவைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒரு நாள் சைக்கிள்ல விழுந்து முட்டியெல்லாம் ரத்தத்தோட வந்தேன். அம்மாகிட்ட போறேன்னு அழுதேன். நீங்க வாயைப் பொத்தித் தூக்கிட்டுப் போயிட்டீங்க."

"மருந்து போட்டு, குரங்கு மாதிரி குதிச்சுக் காட்டி உன்னைச் சிரிக்க வச்சேனே?"

"சிரிச்சேன்தான். ஆனா அன்னிக்கு எனக்கு அம்மா வேணும்போல இருந்துச்சு."

அவருக்குச் சுருக்கென்றது. எல்லாம் இந்தப் புத்தகத்துக்காகத்தானே, வாண்டு, என்று அவள் தலையை வருடிக்கொடுத்தார். சொன்ன பிறகு அவருக்கே அது போதாது என்று பட்டது. மகளுக்கு அதை உடனே ஈடுகட்டிவிட வேண்டும், புத்தகச் செய்தியைச் சொல்ல மனைவி வெளியே வரும்வரை காத்திருக்க முடியாது என்று தோன்றியது. கையைத் துடைத்துக்கொண்டு போய், வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கதவைத் தட்டினார்.

தட்டிய கை இறங்குவதற்குள் கதவு திறந்தது.

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அச்சகம், பிறந்தநாள், அட்டைக்கு என்ன நிறம் என்பதுவரை. மனைவி அவரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் நின்ற மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்லீங்க. இவளுக்குப் பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே எனக்கு எழுத்து நின்னுபோச்சு."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் இத்தனை வருடமும் உள்ளே என்னதான் செய்தாய், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார்.

"எனக்காக நீங்க எழுதறதையே விட்டவரு. எந்த முகத்தை வச்சுக்கிட்டு உங்ககிட்ட சொல்றது?" என்றாள் அவள். "வெளியில நீங்க ரெண்டு பேரும் சிரிக்கறதைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன், என்னிக்காவது தட்டி என்னையும் கூப்பிட மாட்டீங்களான்னு."