ஃபில்டரில் ஒரு பொட்டு

"ஆயில் மாத்தும்போதெல்லாம் ஃபில்டரையும் மாத்தணும் சார்" என்பார் கோட்டாறு மெக்கானிக் மாஹீன். நிஜமாகவே மாற்றுகிறாரா? கண்டுபிடிக்க, சொல்லக் கூசுகிறது, மனைவியின் நெயில் பாலிஷால் பழைய ஃபில்டரில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்து, காரைக் கொண்டுபோய் விட்டேன்.

வேலை முடிந்ததும் பானட்டைத் திறந்தேன். பொட்டு அப்படியே இருந்தது.

அதைக் காட்டி, "என்ன வேல ஓய் இது?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

மாஹீன் பதறிப்போய், மூலையில் கிடந்த பழைய ஃபில்டரை எடுத்துவந்தார். அதிலும் பொட்டு.

"ஆயுத பூஜைக்கு நீங்க வச்சதுன்னு நெனச்சேன் சார். புதுச வெறுமன மாட்ட மனசு வரல்ல. கையக் கழுவிட்டு, பூக்கடைல குங்குமம் வாங்கி வச்சேன். நான் தொட்டு வச்சது தப்புன்னா தொடச்சிரட்டுமா?"