நகத்தளவு வெள்ளைக்கரு

“முட்டையா? இந்த வீட்டுக்குள்ளயா?”

தில்லைநாயகம் போட்ட சத்தத்தில் கூண்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த குட்டி ஹாம்ஸ்டர் பொட்டுகூட ஒரு துள்ளு துள்ளியது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அவர் கையில் இருந்தது. தன் சர்வீஸில் ஹாம்ஸ்டர் என்ற வெளிநாட்டுப் பிராணியை இப்போதுதான் பார்ப்பதாக டாக்டர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் தடிமனான புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பொறுப்பாகத்தான் எழுதியிருந்தார். முளைகட்டிய பாசிப்பயறு, வெள்ளரிக்காய், கொஞ்சம் கம்பு. இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் கூடவே கூடாது. முதுகில் கொட்டிய முடி திரும்ப முளைக்கும் வரை, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, தினமும் நகத்தளவு.

“சத்து இல்லாட்டா பிழைக்காதுன்னு டாக்டர் சொல்லுதாரு மாமா,” என்றாள் சித்ரலேகா.

“ஏழு தலைமுறையா முட்டை ஓடு விழாத வீடு இது. ஒரு எலிக்காக அதை மாத்தச் சொல்லுதியா?”

ரிட்டயர்டு தாசில்தாரின் சிவப்புப் பேனா கடைசி வரியைக் குறுக்கே அடித்தது. சீட்டைக் கூண்டின் மேல் வைத்துவிட்டு, நெற்றித் திருநீறு கலையாமல் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மாமனார் உள்ளே போய்விட்டார்.

சித்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எலியாம்! கல்யாணமான நாற்பதாம் நாள், துபாய்க்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் மகேஷ் மெட்ராஸில் வாங்கிக் கொடுத்தது அது. ‘நான் வர்ற வரைக்கும் இதுதான் உனக்குப் பேச்சுத்துணை’ என்றான். பதினைந்து நாளைக்கு ஒரு கடிதம் வரும். மாமியார் இல்லாத, மாமனாரும் அளந்து அளந்து பேசுகிற அந்தப் பாளையங்கோட்டை வீட்டில், அவள் வாய்விட்டுப் பேசுவது பொட்டுவிடம் மட்டும்தான்.

பத்து நாள் ஓடியது. தராசில் நிறுக்காத குறையாகப் பயறும் வெள்ளரியும் வைத்தாள். பொட்டுவின் முதுகில் பூனைமுடி போல ஏதோ தெரிகிற மாதிரி இருந்தது. ஆசைதான் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று அந்தியில் பூஜையறையில் விளக்கேற்றிவிட்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மாமாவின் கை கூண்டுக்குள் இருந்தது.

“என்ன செய்யுதிய மாமா?”

வெடுக்கென்று கையை இழுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். “ஒண்ணுமில்ல. கதவு சரியாச் சாத்தல. நீ போய் ஒன் சோலியப் பாரு.”

மறுநாள் காலையில் பயறு வைத்தது வைத்தபடி கிடந்தது. பொட்டு சுருண்டு படுத்திருந்தது. ஒரு பக்கக் கன்னம் வேறு உப்பியிருந்தது.

பரணில் எலிப்பாஷாண டப்பா ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். சீச்சீ, மாமாவா அப்படிச் செய்வார் என்று மனசை அதட்டினாள். ஆனாலும் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள். டப்பா பிரிக்காமல்தான் இருந்தது.

அப்படியென்றால் சத்தில்லாமல்தான் சாகிறது. மாமா கூண்டில் கைவிட்டது எதற்கு? திறந்துவிட்டுப் பூனைக்குக் கொடுக்கவா? இனிமேல் பொறுத்துப் பிரயோசனம் இல்லை.

சாயங்காலம் மாமா கோயிலுக்குக் கிளம்பினார். தெருவில் ஆள் நடமாட்டம் குறையும் வரை காத்திருந்து, மூன்றாவது வீட்டு ஜெபக்கனி டீச்சரிடம் ஓடினாள்.

“டீச்சர், ஒரு முட்டை அவிச்சுத் தருவியளா? வெள்ளைக்கரு துளிப்போல போதும். மாமாவுக்குத் தெரிஞ்சா என்னைய வீட்ட விட்டே அனுப்பிருவாவ.”

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். உள்ளே போன சுருக்கில் ஒரு சின்ன வாழையிலைப் பொட்டலத்தோடு திரும்பினாள். “இந்தா, கொண்டு போ. முந்தானைக்குள்ள மறைச்சுக்க.”

உயிர் போகிற நேரத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? கோபப்படக்கூட நேரமில்லாமல் சித்ரா வீட்டுக்கு ஓடி வந்தாள்.

“எந்திரி பொட்டு. ஒரே ஒரு வாய்.”

பொட்டு கண்ணைத் திறந்தது. மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தது. பிறகு தினமும் தின்று பழகின பண்டத்தைக் கண்டது போல ஓடி வந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது.

வாசல் கதவு கிறீச்சிட்டது.

மாமா! சித்ரா இலையைக் கசக்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, கூண்டை மறைத்து நின்றாள். உள்ளே வந்தவரின் முகம் ஏற்கெனவே கடுகடுவென்று இருந்தது.

“கையில என்ன?”

“ஒண்ணும்...”

“காட்டு.”

காட்டினாள். மாமா இலையை வாங்கி விரித்தார். மோந்தும் பார்த்துவிட்டார்.

“முட்டைதான் மாமா!” சித்ரா உடைந்துவிட்டாள். “என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க. இது செத்துப்போச்சுன்னா இந்த வீட்டுல நான் யார்கிட்ட மாமா பேசுவேன்?”

மாமா இலையைப் பார்த்தார். கொறித்துக்கொண்டிருந்த பொட்டுவைப் பார்த்தார்.

“ஜெபக்கனி டீச்சர் குடுத்ததா?”

“ஆமா,” என்றாள் தலை நிமிராமல்.

தில்லைநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“அதான பாத்தேன்! பத்து நாளா கோயில்ல இருந்து வாற வழியில எனக்குப் பொட்டலம் கட்டி வைக்குத டீச்சரம்மா, இன்னைக்கு மட்டும் ‘தீந்து போச்சு அண்ணாச்சி’ன்னு சிரிக்காவ!”